எல்லாம் கம்பெனிப் புகையாலா?

ஓசூரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே காரணமும் தெரிந்துவிடுகிறது. "சிப்காட் தொழிற்பேட்டைப் புகைதான், வேறென்ன?" நோயாளி பாகலூர்ப் பக்கத்துக்காரர் என்றால், பெங்களூரு தென்பெண்ணையில் இறக்கிவிடும் நுரை. தளி, கெலமங்கலம் என்றால் ரோஜாப் பண்ணையில் அடிக்கும் மருந்து. காவேரிப்பட்டணம், பர்கூர் என்றால் மாந்தோப்புக்கு அடிக்கும் மருந்து. துக்க வீட்டிலும் இதே பேச்சு, வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு. செங்கொடி பிடிப்பவரும் சொல்கிறார், இயற்கை விவசாயம் பேசுபவரும் சொல்கிறார், எந்தக் கட்சியிலும் இல்லாத ஆட்டோக்காரரும் சொல்கிறார். இந்த மூவரும் ஒத்துப்போகிற விஷயம் இந்த ஊரில் வேறு ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தீர்ப்பு தவறு என்கிறேன். நோயைப் பற்றித் தவறு. அதைவிட மோசம், எந்த முதலாளியைக் கூண்டில் ஏற்றுவதாக நினைத்து இதைச் சொல்கிறோமோ, அவருக்கு இதைவிடச் சௌகரியமான குற்றச்சாட்டு வேறு கிடையாது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்திருக்கும் நாளில் போய் நின்றவர்களுக்குத் தெரியும். நுரை ஆள் உயரத்துக்கு வெள்ளையாக எழும்பி, காற்றடித்தால் பிய்ந்து பறந்து, சாலையில் போகிறவர் சட்டையில் வந்து அப்பும். மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிரம்பி வழியும் கழிவுநீரும், துணி சோப்பின் ரசாயனமும், ஆலைக் கழிவும் சேர்ந்த கலவை அது. அதைப் பார்த்தவன் "இதில் ஏதோ வரும்" என்று பயப்படுவது இயல்பு. காற்று மாசைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்ஸில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசை 2013-லேயே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆகவே புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே கிடையாது என்று சொல்ல நான் வரவில்லை. 'எல்லாம்' என்ற சொல்லோடுதான் என் சண்டை.

ஒரு எளிய சோதனை செய்து பார்க்கலாம். புகை முதலில் போய்ச் சேரும் இடம் நுரையீரல். ஊரில் பெருகும் புற்றுநோய்க்கெல்லாம் புகைதான் காரணம் என்றால், பட்டியலின் தலையில் நுரையீரல் இருக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் இந்தியாவில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சத்து 13 ஆயிரம் பேர். மார்பகம் 1 லட்சத்து 92 ஆயிரம். உதடு, வாய் 1 லட்சத்து 43 ஆயிரத்துக்கு மேல். கருப்பை வாய் 1 லட்சத்து 27 ஆயிரம். நுரையீரல் நான்காவதாகத்தான் வருகிறது, சுமார் 82 ஆயிரம். ஆண்களை மட்டும் தனியே எடுத்தால் முதலிடம் வாய்க்கு. உலகக் கணக்கில் நுரையீரல்தான் முதலிடம், ஏறத்தாழ 25 லட்சம் பேர். அதற்கும் பெரும் காரணம் சிகரெட்.

இது நாட்டுக் கணக்கு, ஓசூர்க் கணக்கு இல்லையே என்று கேட்கலாம். அதனால்தான் இதை எடுத்தேன். புகைபோக்கியையே பார்க்காத ஆயிரக்கணக்கான கிராமங்களும் இதில் அடக்கம். அங்கெல்லாம் வாயிலும் மார்பிலும் கருப்பை வாயிலும் வருகிற நோய், மாநில எல்லையில் ஜூஜூவாடி தாண்டி ஓசூருக்குள் நுழைந்தவுடன் மட்டும் சிப்காட்டால் வருகிறதா? நுரையின் கதையும் இப்படித்தான். கெலவரப்பள்ளி நீர் பாசனத்துக்குப் போகிறது, பயிருக்கும் மண்ணுக்கும் அது செய்யும் கேடு தனியாகப் பேச வேண்டியது. ஓசூர்க் குழாயில் குடிக்க வருவதோ ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்.

இந்தக் குழப்பத்தின் வேர், புற்றுநோயை நாம் விஷம் போல நினைப்பதில் இருக்கிறது. வெளியிலிருந்து ஏதோ உள்ளே போனது, உடம்பைக் கெடுத்தது என்று. கெடுதல் செய்யும் பொருள் வெளியிலிருந்து வரலாம், ஆனால் நோய் நம் சொந்த செல்தான். உடம்பு வளர்வதும், தோல் புதுப்பிக்கப்படுவதும், புண் ஆறுவதும் செல்கள் இரண்டு இரண்டாகப் பிரிவதால் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ள மரபணுத் தொகுதியை செல் நகலெடுக்க வேண்டும். எந்த நகலிலும் பிழை வரும். பெரும்பாலான பிழைகளை செல்லே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்குக் கெட்டுப்போன செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

ஓசூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், லைனில் வரும் ஒவ்வொரு பீஸையும் பார்த்து 'ரிஜெக்ட்' போடும் இன்ஸ்பெக்டர் செல்லுக்குள்ளேயே இருக்கிறார். பி53 என்ற மரபணு அவர்களில் முக்கியமானவர். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் அந்த இன்ஸ்பெக்டரே கெட்டுப்போயிருக்கிறார். பிறகு கோணல் பீஸும் பாஸ் ஆகும், அதிலிருந்து அடுத்த கோணலும் வரும்.

ஒரு பிழை போதாது. பிரியச் சொல்லும் மரபணு ஓயாமல் பிரியச் சொல்ல வேண்டும், நிறுத்தச் சொல்வது ஊமையாக வேண்டும், ரத்தக்குழாயைத் தன் பக்கம் இழுக்கவும் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவவும் அந்தச் செல் பழக வேண்டும். இவ்வளவும் ஒரே செல்லின் வம்சத்தில் சேர ஆண்டுகள் ஆகும், பெரும்பாலும் பல பத்தாண்டுகள். அதன் பிறகும் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சுமார் 30 முறை இரட்டித்தால்தான் 100 கோடி செல் கொண்ட ஒரு சென்டிமீட்டர் கட்டியாகிறது. கைக்குத் தட்டுப்படுவது அப்போதுதான்.

ஆகவே 58 வயதில் கட்டி கண்டவருக்குக் காரணம் தேட வேண்டும் என்றால், அவர் 25 வயதில் என்ன செய்துகொண்டிருந்தார், எங்கே வேலை பார்த்தார், வாயில் என்ன வைத்திருந்தார் என்று பார்க்க வேண்டும். "போன மழைக்கு நுரை வந்தது, இந்த மழைக்குக் கட்டி வந்தது" என்ற கணக்கு எந்த உடம்பிலும் நடக்காது. சிலருக்கு எந்தக் காரணமும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் நகல் பிழையே, யாருடைய தப்பும் இல்லாமல், தப்பான இடத்தில் விழுந்துவிடும். பீடி தொடாத மனிதருக்கு நுரையீரலில் வருவதும், தொண்ணூறு வயதுவரை வெற்றிலைப் பாக்கு போட்ட தாத்தா ஒன்றும் வராமல் போய்ச் சேர்வதும் இதனாலும்தான். நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்க இதில் யாருக்கும் இடம் கிடையாது. புகைக் கதை மக்களுக்குப் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம், அது நோயாளியை அந்தப் பழியிலிருந்து காப்பாற்றுகிறது என்பதுதான். அந்தக் கருணையை மதிக்கிறேன். விளைவுகளைத்தான் மதிக்க முடியவில்லை.

விளைவு என்ன? விஷம் என்று நினைத்தால் வைத்தியமும் விஷ முறிவாகவே தோன்றும். "நச்சு நீக்கும்" கஷாயம், வெறும் வயிற்றில் குடிக்கும் சாறு, பவுடர் டப்பா. சிவமொக்காப் பக்கம் புற்றுநோய்க்கு மருந்து என்று தரப்பட்ட மரப்பட்டைக்கு வரிசையில் நின்றவர்களில் நம் மாவட்டத்துக்காரர்களும் இருந்திருப்பார்கள். தன் சொந்த செல் கட்டுப்பாடு இழந்து பெருகுகிறது என்று புரிந்தவனுக்கு, அதை அறுத்து எடுப்பதும் கதிரால் சுடுவதும் மருந்தால் பிரியவிடாமல் தடுப்பதும் ஏன் என்று தானாக விளங்கும். புரியாதவனுக்கு "கத்தி வைத்தால் பரவிடும்" என்ற பேச்சுதான் விளங்கும். பரவுவது கத்தியால் நடப்பதில்லை. காத்திருந்த மாதங்களில் நடக்கிறது. பெங்களூருவின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை ஓசூரிலிருந்து போகிற வழியிலேயே இருக்கிறது. கஷாயத்தில் ஆறு மாதம் கழித்துவிட்டு அந்த வாசலுக்கு வருகிறவருக்கு, ஆறு மாதத்துக்கு முன் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சை அதே அளவில் கிடைப்பதில்லை.

"ஆனால் அந்தக் காலத்தில் இவ்வளவு கேன்சர் இல்லையே?" இந்தக் கேள்வி எப்போதும் வரும். நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில் இருந்தது, இப்போது 70. புற்றுநோய் முதன்மையாக வயதானவர்களின் நோய். காலராவிலும் பிரசவத்திலும் செத்துப்போனவர்களுக்குப் புற்றுநோய் வர வாய்ப்பே கிடைக்கவில்லை. ஓசூர் நகராட்சியில் 2001-இல் 84 ஆயிரம் பேர், 2011-இல் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர், 2019-இல் மாநகராட்சி. ஆள் கூடினால் நோயாளியும் கூடுவார். முன்பு "வயிற்றுவலியில் போய்ட்டார்" என்று முடிந்தது, இப்போது ஸ்கேனில் பெயரோடு வருகிறது. இவ்வளவையும் கழித்த பிறகும் கொஞ்சம் உண்மையான ஏற்றம் இருக்கலாம். அதற்கு எது காரணம் என்று உறுப்பு உறுப்பாகத்தான் பார்க்க வேண்டும்.

வாயிலிருந்து தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றுக்கு 2013-இல் தடை வந்தது. அதே ஆண்டு கர்நாடகமும் குட்காவைத் தடை செய்தது. கம்பெனிகள் அசரவில்லை. பாக்கு ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். வாங்குகிறவன் கையில் கொட்டிக் கலந்துகொள்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வெளிப்படையாகத் தொங்குவது, ஜூஜூவாடி தாண்டியவுடன் கல்லாப்பெட்டிக்குக் கீழே போய்விடுகிறது. சோதனைச்சாவடியில் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடாத மூட்டைகளைப் பற்றிச் செய்தி வராது. பெட்டிக்கடையில் யாரும் வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை. இரண்டு விரலை ஆட்டினால் போதும், மீதிச் சில்லறையோடு பொட்டலமும் வரும்.

அதைக் கிழித்து, ஒரு சிட்டிகை எடுத்து, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்கிறார்கள். அதில் சேர்ந்த சுண்ணாம்பின் காரம் நிகோடினை வேகமாக ரத்தத்தில் ஏற்றும், கூடவே சதையையும் புண்ணாக்கும். புண்ணான இடத்தில் செல்கள் ஓயாமல் பிரிந்து ஆற்றப் பார்க்கும். அதே இடத்தில் புகையிலையின் நைட்ரோசமைன்கள் நகலைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். தினமும் பத்துப் பன்னிரண்டு முறை, அதே இடத்தில், பல வருஷம். கொஞ்ச நாளில் அங்கே தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு விழும். பாக்கு சேர்ந்தால் கன்னத்தின் உட்பக்கம் தோல்வார் மாதிரி விறைத்து, வாய் திறப்பது குறையும். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு நுழையாது. பரோட்டாவைப் பிய்த்துச் சின்னச் சின்னதாகத் தள்ள வேண்டியிருக்கும். காரம் பட்டால் உயிர் போகும். இந்த நிலையில் இருக்கும் முப்பது வயதுப் பையன்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் நுரையைத்தான் திட்டுகிறார்கள்.

அகில இந்தியப் புகையிலைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 2009-10-இல் 16.2 விழுக்காடு, 2016-17-இல் 20 விழுக்காடு. தடைக்குப் பிறகு ஏறியிருக்கிறது. அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் அது குறைந்துகொண்டிருந்தது. பாக்கைப் பற்றி வேறு ஒரு நம்பிக்கை உண்டு: புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கு ஜீரணத்துக்கு நல்லது என்று. பாக்கு மட்டுமே கூட மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று அதே சர்வதேச முகமை 2003-இல் முடிவு செய்துவிட்டது. மதுவும் முதல் பிரிவில்தான் இருக்கிறது; வாய், தொண்டை, உணவுக்குழல், கல்லீரல், மார்பகம் என்று அதன் பட்டியல் நீளும். புகையிலையோடு சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறும். பொட்டலத்தைத் தடை செய்த அரசு டாஸ்மாக்கில் 2023-24-இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்தது. இதைப் பற்றி மேடையில் பேசுகிறவர் யாரும் புற்றுநோய் என்ற சொல்லை எடுப்பதில்லை. குடும்பம் கெடும் என்பார்கள், உணவுக்குழல் கெடும் என்று சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "அப்போ கம்பெனிக்காரனை விட்டுட்டு, ஹான்ஸ் புகையிலை வைக்கிற தொழிலாளி மேல பழியைப் போடறீங்களா?" நியாயமான கேள்வி. அந்தப் பொட்டலமும் ஒரு கம்பெனியிலிருந்துதான் வருகிறது, தோழரே. லாபம் பார்ப்பவரும் முதலாளிதான். பன்னிரண்டு மணி நேர நைட் ஷிஃப்டில், விடிகாலை மூன்று மணிக்கு, நின்றபடி பிரஸ் மிஷினில் கை கொடுத்துக்கொண்டிருக்கும் பையன் தூங்கிவிடாமல் இருக்கத்தான் அதை உதட்டில் வைக்கிறான். கூரைக்கு மேலே போகிற புகையைவிட அந்த ஷிஃப்ட்தான் ஆலையை அவன் வாய்ப் புற்றோடு நேராக இணைக்கிறது. புகையைப் பற்றி முழக்கம் போடும் ஊர்வலங்களில் இந்த ஷிஃப்டைப் பற்றி ஒரு தட்டி பார்த்திருக்கிறீர்களா?

என் வாதத்தின் நடுப்புள்ளி இதுதான். "கம்பெனிப் புகையால் கேன்சர்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எந்த நிர்வாகமும் பயப்படாது. நூற்றுக்கணக்கான புகைபோக்கிகள், லட்சக்கணக்கான வண்டிகள், எரியும் குப்பை எல்லாம் கலந்த காற்றில், எந்தப் புகைபோக்கி எந்த மனிதனின் எந்தக் கட்டிக்குக் காரணம் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது என்பது அவர்களுடைய வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். சுற்றுச்சூழல் தினத்தன்று நாலு மரக்கன்று நட்டு, ஒரு முகாம் நடத்தி, பேனரில் படம் போட்டால் கணக்கு நேராகிவிடும். அவர்கள் பயப்படுவது வேறு கேள்விகளுக்கு.

பர்கூரிலும் கிருஷ்ணகிரியைச் சுற்றியும் உள்ள கிரானைட் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். பல ரகக் கற்களில் கால் பங்கு அளவுக்குக் குவார்ட்ஸ் இருக்கும். கறுப்பு என்று விற்கும் கல்லில் மிகக் குறைவு. அறுக்கும்போது குவார்ட்ஸிலிருந்து எழும் சிலிகாத் தூசு 1997-லிருந்து அந்த முகமையின் முதல் பிரிவில் இருக்கிறது, நுரையீரல் புற்றுக்காக. பெரிய அறுவை மிஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் தூசு சேறாக இறங்கிவிடும். ஆபத்து பட்டறையின் ஓரத்தில் இருக்கிறது. கைக் கிரைண்டரால் உலர்வாக விளிம்பு தீட்டுகிறவரைப் பாருங்கள். புருவம், இமை மயிர், காது மடல் எல்லாம் வெள்ளை. மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. கண்ணுக்குத் தெரியும் அந்த வெள்ளையை மூக்கும் தொண்டையுமே பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது, கைக்குட்டை அதற்குத் தடையே இல்லை. சில வருஷத்தில் மூச்சு வாங்கும். டிபி என்று மாத்திரை கொடுப்பார்கள். வேலையைக் கேட்காத டாக்டருக்கு, சிலிகாத் தூசால் வரும் சிலிகோசிஸ் என்று தோன்றாது. அந்த மனிதரும் "கம்பெனிப் புகை" என்று சொல்லித்தான் சாவார். அவரைக் கொன்றது ஊருக்குப் பொதுவான புகை இல்லை. அவர் கையில் இருந்த கிரைண்டரின் தூசு, அதற்கு ஒரு தண்ணீர்க் குழாய் போடாத சிக்கனம்.

மிஷின் ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-இல், புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் வரும் புற்றுக்கு அங்கே படியும் கரிதான் காரணம் என்று எழுதினார். பிறகு லங்காஷயர் பஞ்சாலைகளில், மிஷின் எண்ணெய் நனைத்த கால்சட்டையோடு நின்றவர்களுக்கும் அதே இடத்தில் வந்தது. சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்கள் முதல் பிரிவில் இருக்கின்றன. நன்றாகச் சுத்திகரித்தவை இல்லை. ஆகவே தொழிலாளி கேட்க வேண்டியது "எண்ணெய் கெடுதலா?" என்பதில்லை. "இந்த டிரம்மில் இருப்பது எந்த ரகம், எம்எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்பு விவரத் தாளைக் காட்டு" என்பது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான பொருள்களைப் பற்றித் தொழிலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமையையும் எழுதிச் சேர்த்தார்கள். வெல்டிங் புகை 2017-இல் முதல் பிரிவுக்குப் போனது. டீசல் எஞ்சின் புகை 2012-இல் போனது. லாரி பாடி கட்டும் ஷெட்டிலும் எஞ்சின் ஓட்டிப் பார்க்கும் ஷெட்டிலும் கதவை மூடிக்கொண்டு அதைச் சுவாசிப்பவர்கள் யார்? ரோஜாப் பண்ணையின் பாலிஹவுஸுக்குள் மருந்து அடிக்கும் பெண்கள் எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி உள்ளே போகிறார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொருள், ஓர் இடம், ஒரு பதிவேடு, பொறுப்பான ஓர் ஆள் உண்டு. பெயர் சொன்ன பொருளோடு வழக்குப் போடலாம். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவை 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது, "காற்று கெட்டுப்போச்சு" என்று யாரோ மனுப் போட்டதால் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டதால். ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்று, கனிம எண்ணெயால் வரும் தோல் புற்று இவையெல்லாம் தொழில்வழி நோய்களின் சட்டப் பட்டியலிலேயே இருக்கின்றன. அந்த வரியில் ஏறுவதற்கு, எந்த ஷெட்டில் எத்தனை வருஷம் என்ற காகிதம் வேண்டும். மூன்று கான்ட்ராக்டர் மாறிய தொழிலாளியிடம் அந்தக் காகிதம் இருக்காது. போராட வேண்டிய இடம் அது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல்லில் மஞ்சள் கறையும், முதுகு வளைந்த பெரியவர்களும் இருந்தார்கள். "தண்ணி சரியில்லை" என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரை எடுத்துப் பரிசோதித்து, ஃபுளூரைடு என்று பெயர் வைத்து, லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்த பிறகுதான் கேள்விக்கு வலு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரைடு பாதிப்புத் தணிப்பு என்று சேர்த்து, ஜப்பான் கடனில், கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி 2013-இல் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. பொதுவான புலம்பல் அந்தக் குழாயைக் கொண்டுவரவில்லை.

பெண்களுக்குப் புகைக் கதையில் இடமே இல்லை என்பது அதன் இன்னொரு ஓட்டை. கருப்பை வாய்ப் புற்று கிட்டத்தட்ட முழுக்க எச்பிவி என்ற வைரஸின் வேலை. அதைக் கண்டுபிடித்த ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எந்த சிப்காட்டும் அதை உண்டாக்குவதில்லை, எந்தக் கஷாயமும் அதை இறக்குவதில்லை. தடுப்பூசி இருக்கிறது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுவதாகத் தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்னது. பரிசோதனையும் பெரிய வித்தை இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் நர்சுகள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே அந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் வரும் சாவு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழில் வந்தது. நம் மாநிலத்து ஆராய்ச்சி, நம் மாநிலத்துப் பெண்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு. நாட்டிலேயே நாம்தான் முதலிடமாம். அதைப் பெருமையாகச் சொல்வதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஓசூரின் மின்னணு ஆலைகளிலும் தையல் ஆலைகளிலும் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் இந்த வயதை எட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆலைக்குள்ளேயே நர்சும் அறையும் இருக்கும் இடத்தில் தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

வாய்க்கும் இதே மாதிரி ஓர் ஆதாரம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கி, டாக்டர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் வரும் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்ததாக 2005-இல் எழுதினார்கள். கருவி என்று எடுத்துப் போனது பெரும்பாலும் வெளிச்சம்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைத்தது நம் சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில். அதன் பணியாளர்கள் இன்றும் பி.பி. மிஷினோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அவர்கள் வரும்போது கையை நீட்டுகிறோம், வாயைத் திறப்பதில்லை. உள்ளே பொட்டலம் இருக்கிறது. உதட்டுக்குள் மூன்று வாரமாக ஆறாத புண்ணோ, தேய்த்தும் போகாத வெள்ளைத் திட்டோ இருக்கிறவர் முதலில் வாசலுக்கு வரும் அந்தப் பணியாளரிடம் காட்டட்டும். இஎஸ்ஐ கார்டு வைத்திருக்கிற தொழிலாளிக்கு, புற்றுநோய் என்றால், இரண்டு வருஷ வேலையும் சந்தாக் கணக்கும் சரியாக இருக்கும்பட்சத்தில், சம்பளத்தில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டுவரை வீட்டுக்கு வரும். கான்ட்ராக்டர் சந்தா கட்டியிருக்கிறாரா என்று கட்டி வருவதற்கு முன்பே, இந்த மாதச் சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிடலாம்.